சிறிய வேனில் விரியும் படுக்கை: அளவெடுப்பதிலிருந்து முதல் இரவு வரை

பயண வேனுக்குப் படுக்கை செய்ய விரும்பும் புதியவர்கள் பெரும்பாலும் படுக்கையைத்தான் வரைகிறார்கள். விரிந்த நிலையில் அதன் நீளம், அகலம், மெத்தையின் தடிமன் ஆகியவற்றைத் தாளில் குறித்துவிட்டால் வேலை பாதி முடிந்ததாக நினைக்கிறார்கள். சிறிய வேனில் முதலில் வரைய வேண்டியது, இருக்கை படுக்கையாக மாறும் அந்த ஓரிரு நிமிடங்களைத்தான் என்பது என் உறுதியான கருத்து. வெளியே மழை பெய்கையில், இருட்டில், களைத்துப்போன ஒருவர் தனியாக வேனுக்குள் நின்றுகொண்டு, எதையும் வெளியே எடுத்து வைக்காமல் படுக்கையை விரிக்க முடிகிறதா என்ற கேள்விக்கு வரைபடம் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் இல்லாத படுக்கை எவ்வளவு அகலமாக இருந்தாலும், சில வாரங்களில் விரித்தபடியே கிடக்கத் தொடங்கும். உட்கார இடமில்லாத வேனாகிவிடும்.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் சரக்கு வேன். 2003-இல் வந்த டி5, 2015-இல் வந்த டி6 ஆகிய இரண்டு தலைமுறைகளுக்கும் உட்புற அளவுகள் ஏறக்குறைய ஒன்றே. இவ்வேனுக்கு இதில் ஒரு மரபும் உண்டு. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இலேயே ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வைத்து எடுக்கக்கூடிய மரச்சாமான் தொகுதி ஒன்றைச் செய்தது. வார நாட்களில் வேலைக்கும் விடுமுறையில் பயணத்துக்கும் ஒரே வண்டி உதவ வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தத் தேவை இன்றும் மாறவில்லை.

எந்த வகைப் படுக்கை

குட்டையான டிரான்ஸ்போர்ட்டரின் சரக்குத் தளம் ஏறத்தாழ 2570 மி.மீ. நீளமும், மிக அகன்ற இடத்தில் 1700 மி.மீ. அகலமும் கொண்டது. இரண்டு பின்சக்கர வளைவுகளுக்கும் இடையே 1244 மி.மீ. மட்டுமே உள்ளது, தாழ்ந்த கூரை வண்டியில் உள்ளுயரம் 1410 மி.மீ. இவை வெறும் தகட்டுக்கு உரிய அளவுகள். வெப்பக்காப்பும் உட்பலகையும் ஒட்டிய பிறகு அகலம் 1600 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே பெரியவர் ஒருவர் குறுக்காகக் கால் நீட்டிப் படுக்க வழியில்லை. ஃபியட் டுகாட்டோ வேனின் உள்ளகலம் 1870 மி.மீ. என்பதால் அதில் குறுக்குப் படுக்கை எளிதாக அமைகிறது. அந்த வண்டிக்காக வரையப்பட்ட திட்டத்தைப் பார்த்து டிரான்ஸ்போர்ட்டருக்கு மரம் வாங்கிவிடக் கூடாது. இங்கே படுக்கை நெடுக்காகத்தான் அமைய வேண்டும்.

நெடுக்குப் படுக்கையில் புதியவர் கருத வேண்டிய வகைகள் மூன்று. முதலாவது, பின்னிருக்கையின் சாய்மானமே கீழே படுத்து, பின்பலகையோடு சேர்ந்து சமதளமாகும் வகை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதை ராக் அண்ட் ரோல் படுக்கை என்கிறார்கள். இரண்டாவது, எதிரெதிர் இருக்கைகளுக்கு இடையே உள்ள மேசையை இருக்கை மட்டத்துக்கு இறக்கிப் பரப்பும் வகை. மூன்றாவது, பக்கச்சுவரோரம் உள்ள நீண்ட சோபாவிலிருந்து, மெத்தையைத் தாங்கும் ஒடுங்கிய மரப்பட்டிகளான ரீப்பர்களில் பாதி வெளியே இழுபட்டு, அகலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் வகை.

ஓடும் வண்டியில் பின்னால் யாரேனும் உட்கார்ந்து வரப்போகிறார்கள் என்றால் முதல் வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் நீங்களே செய்யக் கூடாது. மோதலின்போது இருக்கைப் பட்டையின் இழுவிசை முழுவதும் அந்தச் சட்டகத்தின் வழியாகத்தான் வண்டியின் தளத்துக்குப் போகிறது. அதைத் தாங்கும் என்று இழுவைச் சோதனையில் நிறுவப்பட்ட ஆயத்தச் சட்டகங்கள் விற்பனைக்கு உள்ளன. அவற்றை வாங்கி, வண்டிக்கேற்ற அடித்தளத் தகடுகளோடு, அனுபவமுள்ளவர்களிடம் கொடுத்துப் பொருத்துங்கள். இதில் பணம் மிச்சப்படுத்த நினைப்பவரிடம் நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். மேசை வகையில் கழற்றி மாட்டும் துண்டுகள் அதிகம். இரவு உணவு முடிந்து மேசையைத் துடைத்துக் காயவைத்த பிறகே படுக்க முடியும்.

முன்னிருக்கைகளில் மட்டும் இருவர் பயணம் செய்யும் வேனுக்கு மூன்றாவது வகைதான் மிகப் பொருத்தமானது. வெல்டிங் தேவையில்லை, கழற்றியெடுக்கலாம், மரவேலையில் அடிப்படைப் பழக்கம் உள்ளவர் சில வார இறுதிகளில் முடித்துவிடலாம். இனி வருவது அதற்கான முறை.

முதலில் உயரம், பிறகு மற்றவை

தாழ்ந்த கூரை வேனில் எல்லா அளவுகளையும் முடிவு செய்வது தலைக்கு மேலுள்ள இடம். 1410 மி.மீ. உள்ளுயரத்தில் தரைப்பலகைக்கு 20, கூரை உட்பலகைக்கு 30 மி.மீ. கழித்தால் 1360 மி.மீ. எஞ்சும். வீட்டில் தட்டையான மரப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பலகையிலிருந்து உச்சந்தலை வரை அளந்துகொள்ளுங்கள். வேனைப் பயன்படுத்தப்போகிறவர்களில் உயரமானவரின் அளவே கணக்கில் வர வேண்டும். அது 930 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தலைக்கு மேல் 50 மி.மீ. விட்டுவிட்டு, உட்காரும் மட்டம் தரையிலிருந்து 380 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. 100 மி.மீ. ஃபோம் ஆள் உட்கார்ந்ததும் 70 மி.மீ. அளவுக்கு அமுங்கும் என்பதால், ரீப்பர்களின் மேல்மட்டம் 300 அல்லது 310 மி.மீ. என்று முடிவாகிறது. கீழே சாமான் வைக்கும் இடம் இன்னும் சற்று உயரமாக இருக்கலாமே என்ற ஆசை இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுத்தால், மழை நாளில் மணிக்கணக்கில் கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

அடுத்ததாகச் சக்கர வளைவின் உயரத்தையும் அது உள்ளே நீளும் அளவையும் அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 220 மி.மீ. உள்ளே வருவதால், சோபாவின் அடியில் அந்த நீளத்துக்குச் சாமான் இடம் குறுகிவிடும். சுவரோரச் சட்டம் வளைவின் மேல் அமர்கிறதா, அதை ஒட்டி வெட்டுக் கொடுக்க வேண்டுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அளவுகள் கிடைத்ததும் மரத்தைத் தொடாதீர்கள். தரையில் நிறநாடா ஒட்டி, மூடிய சோபாவின் எல்லையையும் விரிந்த படுக்கையின் எல்லையையும் குறியுங்கள். அட்டைப்பெட்டிகளை 300 மி.மீ. உயரத்துக்கு அடுக்கிச் சோபாவாக்குங்கள். பயணப் பைகள், அடுப்பு, தண்ணீர்க் குடுவை, காலணிகள் என்று உண்மையில் எடுத்துப்போகும் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு, படுக்கையை விரிப்பதுபோல ஒத்திகை பாருங்கள். விரியும் பரப்பில் எந்தப் பை கிடக்கிறதோ, அதற்கு நிரந்தர இடம் ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒத்திகையில் செலவிடும் ஒரு மாலைப்பொழுது, பின்னால் பலகைகளை வெட்டித் திருத்தும் வேலையை மிச்சப்படுத்தும்.

ரீப்பர்களின் கணக்கு

இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல, சுவரோடு நிற்கும் ரீப்பர்களுக்கு இடையில் நகரும் ரீப்பர்கள் அமர்கின்றன. ஒவ்வொன்றும் 44 மி.மீ. அகலம், பக்கத்து ரீப்பருக்கும் அதற்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி. இரு முனைகளிலும் நிலையான ரீப்பர் வருமாறு 21 நிலை ரீப்பர்களும் 20 நகரும் ரீப்பர்களும் வைத்தால், 41 ரீப்பர்களும் 40 இடைவெளிகளும் சேர்ந்து படுக்கையின் நீளம் 1884 மி.மீ. ஆகிறது. ஆறடி உயரமுள்ளவருக்கு இது போதும். தளத்தின் மீதமுள்ள 680 மி.மீ. சொச்சம், முன்னிருக்கைகளுக்குப் பின்னால் ஒரு சிறு அலமாரிக்கோ கால் வைக்கும் இடத்துக்கோ உதவும்.

அகலக் கணக்கைச் சற்று நிதானமாகப் பின்தொடருங்கள். இந்தப் படுக்கையின் உயிர் இதில்தான் இருக்கிறது. சுவரோரம் 40 மி.மீ. தடிமனுள்ள நெடுஞ்சட்டம் ஒன்று. சுவரிலிருந்து 580 மி.மீ. தொலைவில் தொடங்கி 620 மி.மீ. வரை அதே தடிமனில் முன் உத்தரம் ஒன்று. நிலை ரீப்பர்கள் 620 மி.மீ. நீளம் கொண்டவை; இரண்டு மரங்களின் மேலும் அமர்ந்து திருகப்படுகின்றன. நகரும் ரீப்பர்களின் நீளம் 590 மி.மீ. மூடிய நிலையில் அவை சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளித் தொடங்கி, 640 மி.மீ. வரை நீளும். அவற்றின் முன்முனைகள், உத்தரத்துக்கு வெளியே செங்குத்தாக நிற்கும் 20 மி.மீ. முன்பலகையின் மேல் திருகப்படுகின்றன. அந்தப் பலகைதான் விரிந்த படுக்கைக்குக் கால். பின்முனைகளின் அடியில் 40 மி.மீ. அகலமும் 20 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு தடுப்புச் சட்டம், இருபது ரீப்பர்களையும் ஒன்றாகப் பிணைக்கிறது. இழுக்கும்போது இந்தச் சட்டம் நிலை ரீப்பர்களுக்குக் கீழே நகர்ந்துவந்து, உத்தரத்தின் பின்பக்கத்தில் முட்டி நிற்கும். அப்போது ரீப்பரின் பின்முனை 540 மி.மீ.-இலும் முன்முனை 1130 மி.மீ.-இலும் இருக்கும். பகலில் 640 மி.மீ. ஆழமுள்ள சோபா இரவில் 1130 மி.மீ. அகலமுள்ள படுக்கையாகிறது; இருவர் சற்று நெருங்கிப் படுக்கலாம்.

மூடிய நிலையில் நகரும் ரீப்பர்களின் பின்முனை எதன் மேலும் அமரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைத் தாங்குவதற்குச் சுவரிலிருந்து உத்தரம் வரை நான்கு குறுக்குத் தாங்கிகள் வேண்டும்: இரு முனைகளிலும் ஒவ்வொன்று, நடுவே இரண்டு. இவற்றின் மேல்விளிம்பு, ரீப்பர்களின் அடிமட்டத்திலிருந்து சரியாக 20 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்; தடுப்புச் சட்டம் அதன்மேல் வழுக்கிச் செல்லும். அந்த விளிம்பில் நைலான் பட்டை ஒட்டலாம்; மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவைத்தாலும் போதும். இந்தத் தாங்கிகளே உத்தரம் நடுவில் தொய்யாமல் காத்து, அடியிலுள்ள இடத்தை மூன்று அறைகளாகவும் பிரிக்கின்றன.

ரீப்பருக்கு 18 மி.மீ. பிர்ச் ப்ளைவுட் நல்ல தேர்வு. எடையைக் குறைப்பதற்காக 12 மி.மீ. எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மரச்சட்டத்தின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே 18-இலிருந்து 12-க்கு இறங்கினால் அதே எடைக்கு வளைவு மூன்று மடங்குக்கு மேல் கூடும். படுத்திருக்கும்போது உடலின் எடை பல ரீப்பர்களில் பரவிவிடுகிறது. முழங்காலிட்டு ஏறும்போதுதான் ஒன்றிரண்டு ரீப்பர்கள் முழு எடையையும் தாங்க நேர்கிறது, அங்கேதான் மெல்லியவை முறிகின்றன. மேற்பரப்பு மரநார் ரீப்பரின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டுவதும் முக்கியம். நாற்பத்தொரு ரீப்பர்களும் சேர்ந்து ஏறத்தாழ 13 கிலோ எடை வரும். பெட்டிச் சட்டகத்தின் பக்கப்பலகைகளுக்குப் பாப்லார் ப்ளைவுட் போதும். 2440-க்கு 1220 மி.மீ. அளவுள்ள 18 மி.மீ. பிர்ச் பலகை ஏறக்குறைய 36 கிலோ இருக்கும்போது, அதே அளவு பாப்லார் சுமார் 24 கிலோதான்.

சேர்த்து முடுக்குதல்

ரீப்பர்களைக் கையால் ஒவ்வொன்றாக அறுக்காமல், மரக்கடையிலேயே பலகை அறுக்கும் இயந்திரத்தில் ஒரே அகலத்துக்கு அறுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரீப்பரிலும் அரை மி.மீ. பிசகினால்கூட நாற்பத்தொன்றில் அது 20 மி.மீ. ஆகிவிடும். வாங்கிய பின் எல்லா விளிம்புகளையும் உப்புத்தாளால் மழுக்கி, வெட்டுமுகங்கள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் வார்னிஷ் அடித்து, முழுவதும் உலரவிடுங்கள். அடிக்காத வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், 2 மி.மீ. இடைவெளி அடைபட்டால் படுக்கை நகராது.

சட்டகத்தை மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து முடுக்கிய பிறகு, 41 ரீப்பர்களையும் அதன்மேல் வரிசையாக அடுக்கி, இடையிடையே 2 மி.மீ. தடிமனுள்ள அட்டைத் துண்டுகளைச் செருகுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக, நிலை ரீப்பர்களைச் சுவர்ச் சட்டத்திலும் உத்தரத்திலும் திருகுங்கள். நகரும் ரீப்பர்களை முன்பலகையில் திருகுங்கள். தடுப்புச் சட்டத்தைக் கடைசியாக, அடியிலிருந்து மேல்நோக்கித் திருக வேண்டும். எனவே பெட்டிக்கு அடிப்பலகை இருந்தால் அதை அதற்குப் பிறகே பொருத்துங்கள். ப்ளைவுட்டில் நேரடியாகத் திருகாணியை ஏற்றினால் பிளந்துவிடும் என்பதால், முன்துளை இட்டுக்கொள்வது அவசியம். அட்டைகளை உருவிவிட்டு இழுத்துப்பாருங்கள். எங்கேனும் இறுகினால் அந்த ரீப்பரின் பக்கத்தை இழைப்புளியால் ஒரு மெல்லிய சீவல் எடுத்தால் சரியாகும்.

முன்பலகையின் அடியில் மட்டம் திருத்தக்கூடிய நான்கு கால்களைப் பொருத்துங்கள். வேனின் தரை எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. ஒரு கால் அந்தரத்தில் நின்றாலும் இரவு முழுவதும் படுக்கை கிறீச்சிடும். பலகையில் பெரிய திறப்புகள் வெட்டினால், மூடிய நிலையிலும் அடியிலுள்ள சாமான்களை எடுக்கலாம். பின்கதவுப் பக்கமுள்ள முனையைத் திறந்தே விட்டால் மடக்கு நாற்காலி போன்ற நீளமான பொருட்களை வெளியிலிருந்தே செருகிவிடலாம்.

வண்டியோடு பிணைத்தல்

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், 40 கிலோ எடையுள்ள படுக்கைப் பெட்டி 550 கிலோ அளவுக்கான விசையோடு முன்னிருக்கைகளை நோக்கிப் பாயும். அடியில் வைத்த சாமான்களின் எடை இதில் சேரவில்லை. பெட்டியைத் தரைப்பலகையில் வெறும் மரத்திருகாணிகளால் பிடித்துவைப்பது போதவே போதாது. சரக்கைக் கட்டுவதற்காகத் தளத்தில் ஏற்கெனவே உள்ள வளையங்களின் ஆணித்துளைகளைப் பயன்படுத்திக் கோண இரும்புகளால் முடுக்குவது, வேண்டும்போது கழற்றுவதற்கும் வசதியானது. புதிய துளை தவிர்க்க முடியாதது என்றால், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய்கள், மின்கம்பிகள் எங்கே போகின்றன என்று தெரியாமல் ஒரு துளையும் இடக் கூடாது. போல்ட்டின் அடியில் அகன்ற எஃகுத் தகடு வைத்து, துளையின் விளிம்புக்குத் துருத் தடுப்புப் பூச்சு இட்டு முடுக்குங்கள். நகரும் பகுதிக்கு இரண்டு முனைகளிலும் உறுதியான தாழ்ப்பாள் வேண்டும். இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே சோபா தானாக விரியும்.

மெத்தை

இருக்கை மெத்தையும் சாய்மான மெத்தையும் சேர்ந்தால் படுக்கை மெத்தையாக வேண்டும். ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது, ஒரு துண்டும் குறையக் கூடாது. இங்கே இருக்கைக்கு 640 மி.மீ., சாய்மானத்துக்கு 490 மி.மீ.; இரண்டும் சேர்ந்து 1130. 100 மி.மீ. தடிமனுள்ள சாய்மானம் சுவரோரம் நிற்கும்போது உட்காரும் ஆழம் 540 மி.மீ. எஞ்சுகிறது, அது தொடைக்கு இதமான அளவு. நீளத்தை இரண்டாகப் பிரித்து, 942 மி.மீ. வீதம் நான்கு துண்டுகளாகச் செய்தால் ஒருவரே எளிதாகத் தூக்கி மாற்றலாம். ஃபோமை உறையின் அளவைவிட 5 மி.மீ. கூடுதலாக வெட்டச் சொன்னால், துண்டுகள் நெருக்கிக்கொண்டு நடுவில் பள்ளம் விழாது. அடர்த்தி கன மீட்டருக்கு 35 முதல் 40 கிலோ வரை இருக்கட்டும். அதற்குக் குறைந்தது விரைவில் தட்டையாகி, ரீப்பர்களின் விளிம்பு முதுகில் உறுத்தும். பிரிட்டனில் மரச்சாமான் தீப்பாதுகாப்பு விதிகள் 1988 முதல் உள்ளன. அவற்றுக்கு இணங்கிய ஃபோம் என்று குறிப்பிட்டே வாங்குங்கள். அடுப்பும் மெத்தையும் கை தொடும் தூரத்தில் இருக்கும் அறை இது.

ரீப்பர்களின் மேல் பலகையோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு மூட வேண்டாம். உறங்குபவரின் வியர்வையும் மூச்சும் ஃபோமுக்குள் இறங்கி, அடியில் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகின்றன. விரிந்த நிலையில் இருக்கும் 48 மி.மீ. இடைவெளிகள்தான் அதை உலர்த்துகின்றன. சுவருக்கும் மெத்தைக்கும் இடையில் உட்பலகை கட்டாயம் வேண்டும், வெறும் தகட்டில் மெத்தை உரசினால் ஒரு குளிர்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

பதிவும் காப்பீடும்

பிரிட்டனில் சரக்கு வேனை மோட்டார் கேரவன் என்று மறுபதிவு செய்ய விண்ணப்பித்தால், உள்ளே குறைந்தது 1800 மி.மீ. நீளமுள்ள படுக்கை, மேசையும் இருக்கைகளும், நிலையாகப் பொருத்திய அடுப்பு, சாமான் வைக்கும் இடம் ஆகியவற்றை ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமை எதிர்பார்க்கிறது. இருக்கையிலிருந்து மாறும் படுக்கையையும் அது ஏற்றுக்கொள்கிறது, 1884 மி.மீ. அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. வெளித்தோற்றமும் பார்க்கப்படுவதால், உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் வகை மாற்றம் கிடைக்காமல் போகலாம். எப்படியிருந்தாலும், வண்டியில் செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். வேறு நாட்டில் வசிப்பவர்கள் மரம் வாங்குவதற்கு முன்பே தங்கள் நாட்டு விதிகளைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

முதல் இரவு

முதல் இரவை வீட்டு வாசலில் நிறுத்திய வேனிலேயே கழியுங்கள். எல்லாச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, உள்விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கு வெளிச்சத்தில் ஒருவராகவே விரித்துப்பாருங்கள். மூடிய சோபாவுக்கு முன்னால் ஏறத்தாழ 960 மி.மீ. தரை இருக்கும், இழுத்து முடித்த பின்னும் 470 மி.மீ. எஞ்சுவதால், எதிர்ப்பக்கம் அலமாரி இல்லாத இடத்தில் நின்றுகொண்டே வேலையை முடிக்கலாம். நள்ளிரவில் ஒருவர் எழுந்து வெளியே போகும்போது மற்றவரை எழுப்பாமல் போக முடிகிறதா, கதவின் கைப்பிடி படுத்த நிலையில் எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். காலையில் மெத்தைத் துண்டுகளை நிமிர்த்தி, அவற்றின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப்பாருங்கள். ஈரம் தட்டினால் கூரைத் துவாரத்தையோ சன்னலையோ இரவில் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். நீண்ட பயணம் ஒன்று முடிந்ததும் தளத்து போல்ட்டுகள் அனைத்தையும் மறுபடி முடுக்குங்கள். அதிர்வில் அவை தளர்வது இயல்பு. தடுப்புச் சட்டத்தின் திருகாணிகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள், இருபது ரீப்பர்களின் இழுவையும் அவற்றின் மேல்தான் இருக்கிறது.